ஒரு கைப்பிடி சத்தம்

"நம்ம ஊரு சத்தமா ஒரு நாப்பது வேணும்டா. பம்புசெட்டு, தவளை, பறை, தவிலு, கோயில் மிஷினு, பெல்ட் வண்டி... நீதான எழுதுற ஆளு, எது எதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு."

கும்பகோணத்திலிருந்து நண்பன் போனில் கேட்டது இவ்வளவுதான். பகலில் கணக்கு எழுதும் வேலை அவனுக்கு. இரவில் சால்டரிங் அயர்னைச் சுடவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மாடுலர் சிந்தசைசருக்கு ஒரு மாடியூல் செய்துகொண்டிருக்கிறான். பாதி இரைச்சல், பாதி சாம்ப்ளர். இரண்டும் ஒரே பலகையில். நான் லிஸ்ட் கொடுக்கவில்லை. நான்கு மாதமாகக் கொடுக்காமல் இழுத்தடித்ததற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாடுலர் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கீபோர்டு என்பது சமைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்த சாப்பாடு என்றால் மாடுலர் என்பது அஞ்சறைப்பெட்டி. ஒலியை உண்டாக்க ஒரு பலகை, அதை வடிகட்ட ஒன்று, ஏற்றி இறக்க ஒன்று. அவற்றைக் குட்டி குட்டி ஒயர்களால் நாமே இணைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1995-இல் கொண்டுவந்த ஏ-100 வரிசையிலிருந்து கிளைத்த யூரோராக் என்ற அளவுதான் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. பலகையின் உயரம் 128.5 மில்லிமீட்டர், மின்சாரம் கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட். இந்த இரண்டையும் மதித்தால் யார் வேண்டுமானாலும், எந்த ஊரில் இருந்தும் ஒரு மாடியூல் செய்யலாம். பெரிய கம்பெனி தேவையில்லை. பாரிஸில் எமிலி ஜில்லே என்ற பெண் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற பெயரில் செய்த மாடியூல்களின் வரைபடங்களையும் நிரலையும் பொதுவில் வைத்தார். என் நண்பன் படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். காலேஜில் அவன் எடுத்தது பி.காம்.

முதலில் இரைச்சல் பாதி. ஒரு சாதாரண டிரான்சிஸ்டரை எடுத்து, அதன் இரண்டு கால்களைத் தலைகீழாக மின்சாரத்தில் மாட்டினால் ஏழெட்டு வோல்ட் தாண்டியதும் அது உடைந்து கசியத் தொடங்கும். அந்தக் கசிவு ஒழுங்கில்லாதது. பல மடங்கு பெருக்கி ஸ்பீக்கரில் விட்டால் 'ஷ்ஷ்ஷ்' என்று கேட்கும். ஓட்டு வீட்டின் மேல் ஐப்பசி மழை. எல்லா அலைவரிசையிலும் சம வலு இருந்தால் அதை வெள்ளை இரைச்சல் என்கிறார்கள். எட்டு சுரம் மேலே போகப்போக மூன்று டெசிபல் வீதம் குறைந்தால் இளஞ்சிவப்பு. வெள்ளை மழை என்றால் இளஞ்சிவப்பு ஆற்றுத் தண்ணீர், கல்லணைப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டால் வருவது போல.

வேடிக்கை என்னவென்றால் ஒரே பெட்டியில் வந்த டிரான்சிஸ்டர்களே ஒன்று மாதிரி ஒன்று இரைவதில்லை. ஒன்று கரகரக்கும், ஒன்று பொரியும், ஒன்று ஊமை. நண்பன் இருபது முப்பதை வரிசையாக மாட்டிக் காதால் கேட்டுத் தேர்ந்தெடுக்கிறான். "இது நல்லா இரையுது" என்று ஒன்றை எடுத்து வைத்தபோது எனக்கு வேறொரு தொழில் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது பாதி சாம்ப்ளர். இதற்குள்ளும் இரண்டு அர்த்தம் இருக்கிறது. மாடுலர்காரர்களின் பழைய சாம்பிள் அண்ட் ஹோல்டு செய்வது சின்ன வேலை. ஒரு தட்டு விழும் கணத்தில் வெளியே ஓடிக்கொண்டிருக்கும் மின்னழுத்தம் எவ்வளவோ, அதைப் பிடித்து அடுத்த தட்டு வரை வைத்திருக்கும். இரைச்சலை அதற்குள் விட்டால் நினைக்காத படிகளில் ஏறி இறங்கும் ஒரு வரிசை கிடைக்கும். 1970-களில் டான் பூக்லா இப்படியான வேலைகளுக்கு ஒரு மாடியூல் செய்து அதற்கு 'நிச்சயமின்மையின் ஊற்று' என்று பொருள்படப் பெயர் வைத்தார். 'ரேண்டம்' என்று எழுதியிருந்தால் போதும். அவர் எழுதவில்லை. ஒரு திருகாணிக்கு வைக்கும் பெயரில்கூட ஒரு பார்வை இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

இன்னொரு அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்தது. வெளியுலகச் சத்தத்தைப் பிடித்து வைத்து வேண்டியபோது வேண்டிய உயரத்தில் திருப்பி வாசிப்பது. 1987-இல் வந்த எஸ்பி-1200 கருவியில் மொத்தமே பத்து விநாடிதான் பிடிக்கும். அந்தப் பத்து விநாடியின் நெருக்கடியிலிருந்தும், அதன் பன்னிரண்டு பிட் கரகரப்பிலிருந்தும்தான் ஹிப்ஹாப்பின் ஒரு காலகட்டமே எழுந்தது. என் நண்பன் பயன்படுத்தும் விரல் நீளச் சிப்பலகையில் 64 மெகாபைட் நினைவகம் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஒற்றைத் தடத்தில் பதினொரு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். "ஒரு கச்சேரியோட தனி ஆவர்த்தனத்தையே உள்ள வச்சுரலாம்" என்றான். அவனுக்குப் பெருமை. எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

*

சாம்பிளுக்குத் தமிழில் மாதிரி. அழகான சொல். ஒன்றிலிருந்து எடுத்தது என்பதும் மாதிரி, ஒன்றைப் போல இருப்பது என்பதும் மாதிரி. 'அது மாதிரி' என்றால் அது இல்லை என்றும் அர்த்தம்.

டெல்டாவில் வளர்ந்தவனுக்கு மாதிரி என்றதும் ஸ்டூடியோ ஞாபகத்துக்கு வராது. நெல் கொள்முதல்தான் வரும். அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைத்துவிட்டு முறைக்காக அப்பா காத்திருப்பார். ராத்திரி தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே படுக்கை. காலையில் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி எடுப்பார்கள். ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போடுவார்கள். 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழைக்காலத்தில் குறுவை அறுப்பவர்கள் 22 வரை தளர்த்தச் சொல்லி வருஷா வருஷம் கேட்பது இதனால்தான். அந்தக் கைப்பிடி குவியலின் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை அப்பா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். மேற்புறத்தில் வெயில் பட்ட நெல், அடியில் பனி இறங்கிய நெல். இரண்டும் அதே வயல், அதே நெல், அதே உழைப்பு. ஆனால் எந்தக் கை, எங்கே நுழைந்தது என்பதில் அந்த வருஷத்துக் கடன் இருக்கிறது. எடுப்பவர் மேல் தப்பில்லை, அவருக்கும் ஒரு கைதான் இருக்கிறது.

மாதிரி எடுப்பது என்பது இந்தக் காரியம். ஒரு கைப்பிடி, மொத்தக் குவியலுக்காகப் பேசும். நண்பனுக்கு நான் இதைச் சொன்னபோது "டேய், நெல்லையும் சத்தத்தையும் போட்டுக் குழப்பாத" என்றான். நான் குழப்பவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

*

இந்தியாவில் இந்தக் காரியத்தை முதலில் செய்து பார்த்தவர்களைக் கேட்டுவிட்டு வரலாம் என்று 'தி என்ஐடி டேப்ஸ்' தொகுப்பைத் திரும்பப் போட்டேன். கதை இப்போது ஓரளவு பரவியிருக்கிறது. 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் மாடுலரை நிறுவினார். அதற்கு வழி 1946-லேயே போடப்பட்டிருந்தது. கீதா சாராபாய் நியூயார்க் போய் ஜான் கேஜைச் சந்தித்து, அவருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்து, அவரிடமிருந்து மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்ட வருஷம் அது. 1972 வரை அந்த ஸ்டூடியோவில் கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் பதிந்த நாடாக்கள் அலமாரியில் தூங்கின. லண்டன்காரரான பால் பர்கஸ் அவற்றைக் கண்டெடுத்துத் தொகுத்து 2023-இல் இசைத்தட்டாக வெளியிட்டார்.

கேட்டவர்கள் பெரும்பாலும் 'இந்தியாவிலும் அப்போதே இருந்ததா!' என்ற வியப்பில் நின்றுவிட்டார்கள். அந்த வியப்பு எனக்குப் போதவில்லை. தொகுப்பில் உள்ளவை பெரும்பாலும் முடிந்த படைப்புகள் அல்ல, கருவியோடு பழகிப் பார்த்தவை. அதுதான் அவற்றின் பலம். யாரும் மூக்கை வைத்துத் தோடி வாசிக்க முயலவில்லை, 'நம்ம பாரம்பரியம்' என்று மாலை போடவில்லை. மாத்தூரின் ஒரு துண்டுக்குத் தலைப்பு 'ஒன்ஸ் ஐ ப்ளேய்ட் எ டான்பூரா'. ஒரு காலத்தில் தம்பூரா வாசித்தேன் என்று இறந்தகாலத்தில் சொல்கிறார். அந்த இறந்தகாலம் எனக்குப் பிடித்திருக்கிறது. தம்பூராவை மாதிரி எடுத்து வைக்காமல், தம்பூராவை விட்டு வந்த ஒருவன் இப்போது என்ன கேட்கிறான் என்பதை வைக்கிறார்.

ஆனால் குறையும் சொல்ல வேண்டும். அந்த ஸ்டூடியோ கண்ணாடிக் கதவுக்குள் இருந்தது. மில்கள் நிறைந்த ஊரின் நடுவே இருந்துகொண்டு, 1969-இல் கலவரத்தில் எரிந்த ஊரின் நடுவே இருந்துகொண்டு, அந்த நாடாக்கள் பெரும்பாலும் விண்வெளியைப் பார்க்கின்றன. ஜோஷிபுராவின் துண்டுக்குப் பெயரே 'ஸ்பேஸ் லைனர் 2001'. இளைஞர்கள், நிலவில் மனிதன் இறங்கிய வருஷம், குறை சொல்ல எனக்கும் மனமில்லை. இருந்தாலும் எந்தச் சத்தம் மாதிரிக்கு உகந்தது, எது வெறும் இரைச்சல் என்று ஒரு தேர்வு அங்கே நடந்திருக்கிறது. தேர்வு என்று தெரியாமலே நடந்திருக்கிறது.

*

டிரான்சிஸ்டரைக் காதால் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தபோது ஞாபகம் வந்த தொழில் மிருதங்கம் செய்வது.

வெறும் தோலை ஒரு வட்டத்தில் இழுத்துக் கட்டி அடித்தால் வருவது சுரம் அல்ல. அதன் மேலதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும். காதுக்கு அது பொத்தென்ற சத்தம். மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் அது சுரமாகிறது. ஏன் என்று கேட்டவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு குறிப்பு எழுதினார், 1934-இல் விரிவாக எழுதினார். நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தின் கனம், முதல் ஒன்பது அதிர்வு முறைகளை இழுத்து ஐந்து ஒழுங்கான சுரங்களுக்குள் அடக்கிவிடுகிறது என்பது அவர் கண்டது. அதாவது அந்தக் கறுப்பு வட்டம்தான் வடிகட்டி. மாடுலர்காரன் பாஷையில் சொன்னால் இரைச்சலை உள்ளே வாங்கிச் சுரத்தை வெளியே தள்ளும் ஃபில்டர்.

அந்த வட்டம் எதனால் ஆனது? கிட்டான் கல்லின் பொடி, அப்புறம் சோறு. வேகவைத்த சோற்றைக் குழைத்து, கல்பொடியோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி பூசி, மறுபடி தேய்ப்பார்கள். அதற்குச் 'சோறு' என்றே ஒரு பெயர் உண்டு. காவிரித் தண்ணீரில் விளைந்தது வாத்தியத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. தோல்களுக்கு இடையே சின்னக் குச்சிகளைச் செருகினால் குச்சி மிருதங்கம், கல் துகளைப் போட்டால் கப்பி மிருதங்கம். சுரம் தெளிவாக வந்த பிறகு அதில் அளவாகக் கொஞ்சம் இரைச்சலைத் திரும்பக் கலக்கும் ஏற்பாடு. தம்பூராவின் குதிரையில் செருகும் நூலும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரைச்சலுக்கு இத்தனை நுட்பமான திருகாணி வைத்த ஒரு மாடியூலை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்த வடிவமைப்பாளர்களின் பெயர் என்ன? டான் பூக்லா தெரியும், எமிலி ஜில்லே தெரியும். தஞ்சாவூரில் மிருதங்கம் செய்தவர்களின் பெயரைச் சொல்லச் சொன்னால் கச்சேரிக்குப் போகிற பலரும் விழிப்பார்கள். டி.எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. தஞ்சாவூர் செவத்தியான், பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து எனத் தலித் கிறித்தவக் கைவினைஞர்களின் பரம்பரை அதில் வருகிறது. வாசிப்பவர் கேட்ட நாதத்துக்காகத் தோலை மாற்றி, கட்டை மாற்றி, சோற்றின் அளவை மாற்றி, வருஷக்கணக்கில் நடந்த ஆராய்ச்சியில் ஒரு பாதி அவர்களுடையது. மேடையில் மைக் முன்னால் வந்தது இன்னொரு பாதி. தோல் மாட்டினுடையது என்று பேசியதே அந்தப் புத்தகத்தின் வெளியீட்டுக்குச் சிக்கலானது. கலாக்ஷேத்ரா அரங்கத்துக்குக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பசுத்தோலின் நாதம் வேண்டும், பசுத்தோல் என்ற சொல் வேண்டாம். இதற்கு மேல் துல்லியமான ஒரு ஃபில்டரை எந்த எஞ்சினியராலும் செய்ய முடியாது.

நண்பனின் நாற்பதில் பறை மூன்றாவதாக இருந்தது. சாவு வீட்டில் பறையடிப்பது ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட கடமையாக இருந்ததையும், அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் என்ன பட்டார்கள் என்பதையும் தெரியாதவனல்ல அவன். அதே பறையை இன்று பிள்ளைகள் தலைநிமிர்ந்து அடிக்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் மாடியூலுக்குள் போனதும் இந்த இரண்டும் கழிந்துவிடும். 'பறை 03' என்று இருக்கும். பெர்லினில் ஒருத்தர் திருகாணியைத் திருகி அதைப் பாதி வேகத்தில் ஓட்டுவார். நன்றாகவே இருக்கும், அதுதான் பிரச்சினை.

*

கோயில் மிஷின் பற்றி மட்டும் எனக்கு ஆட்சேபமில்லை. மோட்டார் சுற்ற, சுத்தியல்கள் முரசையும் மணியையும் மாறி மாறி அடிக்கும் அந்தப் பெட்டி, எங்கள் ஊரின் ட்ரம் மிஷின். ரோலண்ட் 808 எங்கள் காதுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இது வந்துவிட்டது. தீபாராதனை நேரத்தில் மின்னழுத்தம் குறைந்தால் தாளமும் தொய்யும். தவில்காரர் நின்ற இடத்தில் இப்போது இது நிற்கிறது என்பது துக்கம். ஆனாலும் அது யாருடைய குரலும் இல்லை, தன் குரல். பெங்களூரு ராஜ் நாராயண் 1979-இல் எலெக்ட்ரானிக் தம்பூரா செய்தபோதும் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இன்று அது இல்லாத பாட்டு வகுப்பு ஏது? 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியைக் கொண்டு இசையமைத்தபோது யார் வயிற்றில் அடிக்கிறது என்ற பேச்சும் எழுந்தது, கேசட்டும் தேய்ந்தது. கருவிக்கு எதிராக நான் பேசவில்லை. மாடியூல் வரட்டும், நானே ஒன்று வாங்குவேன்.

நான் சொன்னது இரண்டே விஷயம். உள்ளே ஒன்றும் வைக்காதே, காலியாகக் கொடு. நினைவகத்தைப் பதினொரு நிமிடத்திலிருந்து பத்து விநாடிக்குக் குறை, மின்சாரம் போனால் சத்தமும் போகட்டும். வேண்டியவன் ஒவ்வொரு முறையும் மைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய், யாரிடமாவது கேட்டு, பிடித்துக்கொண்டு வரட்டும்.

நண்பன் கோபப்பட்டான். "காலி டப்பாவ எவன்டா வாங்குவான்? அவனவன் ஆயிரம் சாம்பிள் குடுக்குறான். நீ மட்டும் அப்பா நெல்லு காயப்போட்டதெல்லாம் எழுதி ஆளுங்கள அழ வைக்கலாம், நான் தவளைச் சத்தம் வித்தா தப்பா?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மேலே நீங்கள் படித்த கொள்முதல் காட்சி ஒரு மாதிரிதான். அப்பாவிடம் கேட்டு எடுத்ததல்ல.

போன மாதம் இருவரும் தஞ்சாவூரில் மிருதங்கம் செய்யும் ஒருவரின் பட்டறைக்குப் போனோம். பெயர் போட வேண்டாம் என்றார். புதிதாகச் சோறு போட்ட வலந்தலை ஒன்று மடியில் இருந்தது. நண்பன் ரிக்கார்டரைக் காட்டி விளக்கினான். "எடுத்துக்கங்க தம்பி" என்று ஓரிடத்தில் தட்டினார், வாரை இழுத்தார், கல்லால் ஓரத்தைத் தட்டினார், மறுபடி விரலால் ஒரு தட்டு. அரைமணி நேரம் ஓடியது. சாயங்காலம் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, எடுத்ததிலேயே பளிச்சென்று விழுந்த ஒரு தட்டைத் திருப்பிப் போட்டான் நண்பன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாவது முறையும் போடச் சொன்னார்.

"இது முடியாததுங்க. ரெண்டாவது பக்கம் இன்னும் சேரல. வாரு இழுக்குறதுக்கு முன்னாடி அடிச்சது. இத வெளிய குடுக்காதீங்க, இது என் மிருதங்கம் இல்ல."

நண்பன் ஒன்றும் பேசாமல் அந்தக் கோப்பை அழித்தான். "அப்ப எத அண்ணே எடுத்துக்கலாம்?" என்று கேட்டான்.

"வியாழக்கெழம வாங்க. ஒரு வித்வான் வாங்கிட்டுப் போக வர்றாரு. அவரு வாசிச்சுப் பாத்து சரின்னாருன்னா அப்ப எடுத்துக்கங்க. என் பேரு போடலாம்."

வியாழக்கிழமை நண்பனுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் போனேன். வித்வான் வாசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தோலைத் தட்டச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். மாடியூலின் பலகை அச்சுக்குப் போகாமல் நிற்கிறது, இரைச்சல் பாதிக்கு மட்டும் ஓட்டைகள் குறித்தாகிவிட்டது.